பினாங்கில் வாழ்ந்து பார்க்கும் பேக்கேஜ்: ஒரு கொழிஞ்சாம்பாறைக்காரனின் கணக்கு

ரேட்டிங் மட்டும் பார்க்க வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டரை. அதில் ஒன்றரை, பினாங்கின் கெலுகோர் பகுதியில் கொடுத்த வீட்டுக்கு. ஒன்று, பினாங்கில் எங்களைக் கவனித்துக்கொண்ட உள்ளூர்த் தம்பிக்கு. இங்கே கோயமுத்தூரில் உட்கார்ந்து பணம் வாங்கிய ஆபீஸுக்கு மார்க் எதுவும் இல்லை. பெயர் போடப் போவதில்லை. இதே மாதிரி பேக்கேஜ் விற்கிறவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

சரக்கு இது. "குறைந்த செலவில், எளிமையாக, வெளிநாட்டில் வாழுங்கள். முதலில் ஒரு மாதம் இருந்து பாருங்கள், பிடித்தால் நிரந்தரமாக ஏற்பாடு செய்து தருகிறோம்." மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் சியாங் மாய், வியட்நாமின் டா நாங் என்று மூன்று ஊர். விமான டிக்கெட், சாமான் போட்ட வீடு, ஏர்போர்ட்டிலிருந்து கார், இன்ஷூரன்ஸ், சிம் கார்டு, 'வாழ்வியல் ஆலோசனை' எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 1,92,000 ரூபாய். சாப்பாடு நம் பொறுப்பு. 2025 தைப்பூசத்தை ஒட்டி நானும் வீட்டுக்காரம்மாவும் போய் வந்தோம்.

நான் யார் என்பதைச் சொல்லாமல் இந்த ரிவியூவுக்கு அர்த்தம் இல்லை. கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் கணக்கு எழுதுகிறவன். தேங்காய் வியாபாரிகள், இரண்டு மூன்று மரக்கடைகள், ஒரு கோழித்தீவனக் கடை இவர்களுடைய ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாம் என் மேசைக்கு வரும். வயது அறுபதை நெருங்குகிறது. சொந்த வீடு. இருவருக்கும் மாதம் 30,000 ரூபாய் இருந்தால் தாராளமாக ஓடும். ரேஷனும் பிரஷர் மாத்திரையும் கேரளாக் கணக்கில், அதிலும் மாத்திரை குடும்ப சுகாதார மையத்தில் இலவசம். காய்கறி பொள்ளாச்சிச் சந்தையில். பெட்ரோல் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம், லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம். பெரிய வைத்தியம் என்றால் கோயமுத்தூர். எல்லை தாண்டிச் சிக்கனம் பார்ப்பதை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதைத்தான் ஏஜென்சிப் பையனிடமும் சொன்னேன். அவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "சார், பெங்களூரில் 45,000 வாடகை கொடுக்கிறீங்க. பினாங்கில் அதே காசுக்கு நீச்சல் குளம், ஜிம், கடல் பார்த்த பால்கனி" என்றான். நான் பெங்களூரில் இல்லை தம்பி என்றேன். அவன் ஸ்லைடில் கொழிஞ்சாம்பாறை கிடையாது. யாரோடு ஒப்பிட்டு மலிவு என்கிற கேள்விக்கு அந்த ஆபீஸில் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். வடகரப்பதி, எருத்தேம்பதி, எங்கள் ஊர் எல்லாம் மார்ச் பிறந்தாலே தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கும். பிள்ளைகள் அவரவர் வேலையில் வெளியூர். வேலையைக் குறைத்துக்கொண்டு, இரண்டு பெட்டியோடு எங்காவது போய் உட்கார முடியுமா என்று ரொம்ப நாளாக ஒரு நமைச்சல். மலேசியா என்றால் தமிழ் பேசிச் சமாளிக்கலாம். எங்கள் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட அந்தக் காலத்திலேயே மலேயா போன குடும்பங்கள் உண்டு. வீட்டுக்காரம்மாவுக்குப் பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசம் பார்க்க ஆசை. போதாதா?

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாலக்காட்டுக்காரனுக்குக் கொச்சியின் நெடும்பாசேரி ஏர்போர்ட் பக்கம். கொச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த் இறங்கி, படகில் தீவுக்குப் போய்விடலாம். ஏஜென்சி எங்களை ராத்திரி ரயிலில் சென்னைக்கு அனுப்பி அங்கிருந்து விமானம் ஏற்றியது. சென்னை-பினாங்கு நேர் விமானம் 2024 டிசம்பரில்தான் தொடங்கியது, அதை விற்க வேண்டுமென்ற அவசரம் போல. இன்னொரு விஷயம்: மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் காசு எதுவும் இல்லை. எங்கள் பில்லில் 'வருகை அட்டை சேவை' என்று தலைக்கு 750 ரூபாய் இருந்தது. படிக்கத் தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் போனிலேயே முடித்துவிடலாம்.

வீடு நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். கெலுகோரில் பதினான்காவது மாடி, ஒரு படுக்கையறை. ஜன்னலைத் திறந்தால் பினாங்குப் பாலம் தெரியும், 13.5 கிலோமீட்டர், 1985-ல் திறந்தது. குழாயில் எப்போதும் தண்ணீர். வீட்டுக்காரம்மா முதல் இரண்டு நாள் பழக்கத்தில் பக்கெட்டில் பிடித்துப் பிடித்து வைத்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். துணி உலர்த்தத்தான் இடம் இல்லை. மொட்டை மாடிக்கு யாரையும் விடுவதில்லை. சமையலறைக்குப் பின்னால் கம்பி போட்ட ஒரு சின்ன இடுக்கில் மூங்கில் கழியில் தொங்கவிட வேண்டும். மதியம் மழை வந்தால் மறுநாளும் ஈரம். பிளக் பாயிண்ட் எல்லாம் இங்கிலாந்து மாதிரி தட்டையான மூன்று காலுடையது. நம் மிக்ஸி பின் உள்ளே போகாது. கரண்ட் அதே வோல்டேஜ்தான், கன்வெர்ட்டர் தேவையில்லை, பின்னை மாற்றும் அடாப்டர் போதும். இதை முன்கூட்டியே சொல்வதுதானே ஆலோசனை? அவர்கள் தந்த 'வாழ்வியல் கையேட்டில்' யோகா பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா, ஈப்போவில் பிறந்தவர். லிஃப்டில் பார்த்த முதல் நாளே, "எத்தன வெள்ளி வாடக கொடுக்கறீங்க அண்ணே?" என்று கேட்டார். மலேசியப் பணமான ரிங்கிட்டை அங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஏஜென்சி கணக்கில் எங்கள் வீட்டு வாடகை 2,200. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இதே அளவு வீட்டை வருட ஒப்பந்தத்தில் 1,300-க்கு எடுக்கலாமாம். ஆனால் அப்படி எடுக்க இரண்டு மாத வாடகை டெபாசிட், அரை மாதம் தண்ணீர்-கரண்ட் டெபாசிட், முதல் மாத வாடகை எல்லாம் முன்பணமாகக் கட்டவேண்டும். முப்பது நாள் அனுமதியில் வந்தவனுக்கு யார் வருட ஒப்பந்தம் போடுவார்கள்? அதனால்தான் 2,200.

சரி, கணக்குக்கு வருகிறேன். நாங்கள் மாற்றிய சமயம் ஒரு ரிங்கிட் பத்தொன்பதரை ரூபாய். சாப்பாடும் மளிகையும் 1,350. பஸ், எப்போதாவது கிராப் என்கிற ஆப்பில் கூப்பிடும் வாடகைக் கார் 220. கரண்ட் 140, ஏசி போட்டால் மீட்டர் ஓடத்தான் செய்யும். போன் 70. அங்கே இங்கே என்று 200. இது போக சுற்றுலா வரி. வெளிநாட்டுக்காரர் தங்கினால் அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் அரசாங்கம் வாங்குகிறது. ஆன்லைன் தளம் வழியாகப் பிடித்த வீட்டுக்கும் உண்டு. பேக்கேஜில் எல்லாம் அடக்கம் என்றவர்கள் இதைச் சொல்லவில்லை. கிளம்பும்போது 300 ரிங்கிட் கையில் கட்டச் சொன்னார்கள். ஆக வாடகையோடு மொத்தம் 4,480 ரிங்கிட், நம் காசில் 87,000 ரூபாய்ச் சொச்சம். வருட ஒப்பந்தம் கிடைத்து, சுற்றுலா வரியும் இல்லையென்று வைத்தாலும் 64,000. எங்கள் ஊர்ச் செலவுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

நாங்கள் ஆடம்பரம் செய்யவில்லை. காலையில் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் ஓட்டலில் ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி), தே தாரிக் (ஆற்றிய பால் டீ). இரண்டு பேருக்கும் எட்டு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பித்து வைத்த நாசி கண்டார், அதாவது சோற்றில் குழம்பு ஊற்றித் தருகிற கடை, தெருவுக்குத் தெரு. நான் வாரத்துக்கு ஒரு தடவை போவேன், குழம்பை நாலைந்து வகையாகக் கலந்து ஊற்றுவான், அதற்காகவே போகலாம். லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் இட்லி அரிசி, முருங்கைக்காய், மல்லிகைப்பூ, மோர் மிளகாய் எல்லாம் கிடைக்கிறது. குயின் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். அந்தத் தெருவில் நடந்தால் பொள்ளாச்சிக் கடைவீதியில் நடக்கிற மாதிரிதான், விலையைக் கேட்கும்வரை. நம் ஊர்ச் சாமான் எல்லாம் கப்பலில் வருவது. கொழிஞ்சாம்பாறையில் சாப்பிடுகிற அதே சாப்பாட்டைப் பினாங்கில் சாப்பிட நினைத்தால் சிக்கனம் அங்கேயே செத்துவிடும். அந்த ஊர் ஜனங்கள் சாப்பிடுவதை, அவர்கள் வாங்குகிற பாசாரில் வாங்கினால்தான் காசு நிற்கும்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஈப்போ அக்காதான். காலை பாசாருக்கு வீட்டுக்காரம்மாவைக் கூட்டிப் போனார். நானும் பை தூக்கப் போனேன். தேங்காய்க் கடை முன்னால் நின்றதும் எனக்குக் கால் நகரவில்லை, தொழில் புத்தி. இந்தோனேசியாவிலிருந்து வந்த காய். கடைக்காரர் ஓட்டைத் தட்டி எடுத்து, பருப்பின் பழுப்புத் தோலை வழித்து, மோட்டார் வைத்த உருளையில் காட்டினால் மூச்சு விடுவதற்குள் வெள்ளைத் துருவல். அதைத் துணிப்பையில் போட்டு இன்னொரு மெஷினில் வைத்தால் கெட்டிப்பால். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் பேண்டைச் சுழற்றி, உள்ளே காற்று நிற்கிற மாதிரி இறுக்கிக் கொடுத்துவிடுகிறார். முழுத் தேங்காய் கேட்டு வாங்குகிறவர்களைவிடத் துருவலும் பாலும் வாங்குகிறவர்கள் அதிகம். ஊரில் எனக்குத் தெரிந்த வியாபாரிகள் உரித்த காயை லோடு ஏற்றுவதோடு சரி. இந்த இரண்டு மெஷினையும் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஓடுமா என்று அன்று மத்தியானம் முழுக்க ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். வீட்டுக்காரம்மா, "ஏங்க, எளிமையா வாழ வந்தோமா, புதுக்கடை போட வந்தோமா?" என்றாள்.

தைப்பூசத்தைப் பற்றி ஒரு ரிவியூவில் எழுத வேண்டாம்தான், ஆனால் தேங்காய்க் கணக்கு எழுதுகிறவன் அதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாள் ரதம் வருகிற வழியெங்கும் தேங்காயைக் குவித்து வைத்திருக்கிறார்கள். சீனக் குடும்பங்களும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்று உடைக்கிறார்கள். முழங்கால் உயரத்துக்குச் சில்லு. அப்புறம் மண் அள்ளுகிற வண்டி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. ஊரில் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து வீட்டுக்காரம்மா சிரித்தாள். மறுநாள் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் படி ஏறினோம். முழங்கால் வலியைச் சொல்லி நான் பாதியில் உட்கார்ந்தேன், அவள் உட்காரவில்லை.

இனி இந்தப் பேக்கேஜின் வயிற்றுப் பகுதிக்கு வருகிறேன். "பிடித்தால் நிரந்தரமாக ஏற்பாடு" என்ற வாக்கியம் இருக்கிறதே, அதற்குத்தான் மூன்றாவது வாரம் 'ஆலோசனைக் கூட்டம்' வைத்தார்கள், வீடியோ காலில். என் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகம். அந்தப் பக்கம் சிரித்த முகத்தோடு ஒரு பெண், "சொல்லுங்க சார், எப்போ ஷிஃப்ட் ஆறீங்க?" என்று ஆரம்பித்தார்.

எந்த விசாவில் என்று கேட்டேன். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் முப்பது நாள் விடுகிறது. அது சுற்றிப் பார்க்க. முப்பது நாள் ஆனதும் பஸ் பிடித்துத் தாய்லாந்து எல்லை தாண்டி ஹட்யாய் போய், ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வாருங்கள், புதிதாக முப்பது நாள் கிடைக்கும் என்றார். "நிறைய பேர் அப்படித்தான் சார் இருக்காங்க." திரும்ப விடுவதும் விடாததும் கவுண்ட்டரில் இருக்கிற அதிகாரி கையில். பாஸ்போர்ட்டில் அடுத்தடுத்து முத்திரை இருந்தால் நாலு கேள்வி கேட்பார். ஐம்பத்தெட்டு வயதில் சூட்கேசோடு எல்லையில் நின்று, "சார், இன்னும் கொஞ்சம் சுத்திப் பாக்கணும்" என்று சொல்ல என்னால் ஆகாது. வீட்டில் பாதிச் சாமான் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று மாட்டினால் டெபாசிட்டை யார் வாங்கித் தருவார்கள் என்றேன். பதில் இல்லை.

அடுத்து, 'மலேசியா என் இரண்டாவது வீடு' திட்டம். பெயர் கேட்கவே இனிக்கும். 2024-ல் மாற்றிய விதிப்படி கீழ்நிலையான 'சில்வர்' பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் அங்கே வைப்புநிதியாகப் போட வேண்டும். அதற்கு மேல் குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும். வைப்பில் பாதியை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. இவ்வளவுக்கும் கிடைப்பது ஐந்து வருடம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். டெபாசிட் மட்டும் நம் காசில் ஒன்றேகால் கோடிக்கு மேல், வீடு இன்னொரு ஒன்றேகால் கோடிக்குக் கிட்டத்தட்ட. அவ்வளவு காசை ஊரில் வங்கியில் போட்டால் வட்டியிலேயே பத்துப் பேர் எளிமையாக வாழலாம்.

மூன்றாவது, டெ ரந்தாவ் என்கிற பாஸ். லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு. கம்ப்யூட்டர் தொழில்காரர் என்றால் வருடம் 24,000 டாலர் வருமானம் காட்ட வேண்டும். என்னைப் போல மற்ற தொழில் என்றால் 60,000 டாலர். அதாவது ஐம்பது லட்ச ரூபாய். எனக்கு வருடம் ஐம்பது லட்சம் வந்தால் நான் எதற்குச் சிக்கனம் தேடிக் கப்பலேறுகிறேன்? "அப்போ டூரிஸ்ட் என்ட்ரியிலேயே இருந்துட்டு லேப்டாப்ல உங்க வேலையைப் பார்த்துக்குங்க சார், யாருக்குத் தெரியும்" என்றார் அந்தப் பெண். பதினொன்றாம் தேதியும் இருபதாம் தேதியும் வந்தால் வியாபாரிக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகணும், போகாவிட்டால் தாமதக் கட்டணம். சட்டப்படி நடக்கச் சொல்லித்தான் நான் இங்கே ஆட்களிடம் காசு வாங்குகிறேன். நாங்கள் அங்கே இருந்த மாதம் முழுக்க வேலையை ஊரில் என் உதவியாளர் பெண்தான் பார்த்தாள், நான் கை வைக்கவில்லை.

மற்ற இரண்டு ஊரும் இதே கதைதான். தாய்லாந்தில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஓய்வு விசா உண்டு, ஆனால் வங்கியில் 8,00,000 பாத் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாதம் 65,000 பாத் வருமானம். இவர்கள் காட்டுகிற சியாங் மாய் படத்தில் மலை பச்சையாக இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுற்றுவட்டாரத்தில் காட்டுக்கும் வயலுக்கும் தீ வைத்து ஊரே புகையில் மூச்சுத் திணறும், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வியட்நாமில் மின்விசா தொண்ணூறு நாள் வரை தருகிறார்கள். ஓய்வுபெற்றவர்களுக்கென்று தனி விசா அங்கே இல்லை.

நேபாளம் ஏன் லிஸ்டில் இல்லை என்று கேட்டுப் பார்த்தேன். இந்தியனுக்கு விசாவே வேண்டாம். 1950 ஒப்பந்தப்படி அங்கே தங்கலாம், தொழில் செய்யலாம். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160 ரூபாய் என்று 1993 முதல் மாறாத விகிதம். செலவைக் குறைக்க வெளிநாடு என்றால் நம் ஆட்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய தேசம் அதுதான். "அது அவ்வளவா மூவ் ஆகாது சார்" என்றார். விசா வாங்கித் தர ஆள் வேண்டாத ஊரை ஏஜென்சி எப்படி விற்கும்?

வரி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதற்கு வேறு யாரும் காசு வாங்காமல் சொல்ல மாட்டார்கள். இந்த மாதிரிப் பேக்கேஜ் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக் கணக்கில் வரும். எங்களுக்கு 1,92,000-க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 9,600, அதையும் சேர்த்த தொகைக்கு 5 சதவீதம் டிசிஎஸ் 10,080. டிசிஎஸ் என்பது விற்கிறவர் நம்மிடம் முன்கூட்டியே பிடித்து, நம் பான் நம்பரில் கட்ட வேண்டிய வருமான வரி, நம் பணம். ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பவே கிடைக்கும். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்க வேண்டும். காலாண்டு முடிந்து, அவர்கள் தாக்கல் செய்ய வேண்டிய தேதியும் போய், நான் பார்க்கும்போது ஒன்றும் ஏறவில்லை. போன் செய்தால், "அது கவர்மெண்டுக்குப் போற டாக்ஸ் சார்" என்று எனக்கே பாடம். எந்தத் தேதியில், எந்த சலானில் கட்டினீர்கள் என்று மெயில் போட்ட பிறகுதான் ஏறியது. இந்த மாதிரி இடங்களில் காசு கட்டிய எல்லாரும் ஒரு தடவை 26ஏஎஸ் திறந்து பாருங்கள்.

நிஜமாகவே குடிபோகிறவர்களுக்கு இன்னும் இருக்கிறது. வெளியே நிரந்தரமாக இருக்கப் போகிறீர்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாகச் சேர முடியாது. வங்கி ஓடிபி எல்லாம் இந்திய நம்பருக்குத்தான் வரும், அதனால் பழைய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். 'வாழ்வியல் ஆலோசனை'யில் இதில் ஒன்றுகூட வரவில்லை.

இன்ஷூரன்ஸ் திடீர் விபத்துக்கும் அவசர நோய்க்கும்தான். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கு இல்லை. மலேசிய அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்காரருக்குத் தனிக் கட்டணம், குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு. நாங்கள் ஊரிலிருந்து மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் கொண்டு போயிருந்ததால் பிரச்சினை இல்லை.

இவ்வளவு திட்டிய பிறகும் இரண்டரை மார்க் ஏன் என்றால், அந்தப் பினாங்குத் தம்பி. தைப்பிங் பக்கத்துப் பையன், ஏஜென்சியோடு கமிஷனில் வேலை. பஸ் பாஸ் எங்கே எடுப்பது, ஜார்ஜ்டவுனுக்குள் இலவசமாக ஓடுகிற கேட் பஸ் எங்கே நிற்கும், எந்த கிளினிக்கில் காசு பிடுங்க மாட்டார்கள் என்று எல்லாம் அவன்தான் சொன்னான். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நாள் தலைசுற்றியபோது ராத்திரி பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றான். காசு கொடுத்தால் வாங்கவில்லை, "பரவால்ல அண்ணே" என்று போய்விட்டான்.

எளிமை என்று அவர்கள் விற்றதில் உண்மையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இரண்டு பெட்டி, ஒரு குக்கர், ஒரு வாணலி. கூட்டித் துடைக்க ஒரு கால் மணி நேரம். வாசலில் யாரும் பத்திரிகையோடு வந்து நிற்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, வந்ததிலிருந்து ஒரு மொய் எழுதல." எங்கள் பக்கம் தை மாசி பிறந்தால் வாரத்துக்கு இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, நடுவில் புதுவீடு. தமிழ்நாட்டுச் சொந்தம், கேரளாச் சொந்தம் இரண்டு பக்கமும் போயாக வேண்டும். அந்த மாதம் எட்டாயிரத்துக்குக் குறையாமல் மிச்சம் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் மேசையில் பத்திரிகைகள், ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பின்மொய் எழுதி முடித்தோம். அவர்கள் நம் வீட்டில் எழுதியது நோட்டில் இருக்கிறதே.

யாருக்கு இது சரிப்படும்? அதே கட்டடத்தில் ஆறாவது மாடியில் பெங்களூர்க் கம்ப்யூட்டர் ஜோடி ஒன்று இருந்தது. டெ ரந்தாவ் பாஸ் எடுத்து வந்தவர்கள், ஏஜென்சி மூலம் வராமல் தாங்களே விண்ணப்பித்து. பெங்களூரில் கொடுத்த வாடகையில் பாதிக்கு வீடு, ஆபீஸுக்குப் போக வர மூன்று மணி நேரம் மிச்சம், மாதம் நல்ல தொகை சேர்கிறது என்றார்கள். இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் காலை முழுக்கத் தங்களுக்கு, மத்தியானத்துக்கு மேல் வேலை. அவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. வாடகை கொடுக்காத, சின்ன ஊரில் இருக்கிற, ஓய்வை நெருங்குகிற ஆட்கள் செலவைக் குறைக்கிறேன் என்று போகாதீர்கள். ஊர் பார்க்க, கோயில் பார்க்க, ஒரு மாதம் தொந்தரவில்லாமல் இருக்கப் போகலாம். அதற்கும் நீங்களே டிக்கெட் எடுத்து, வீடு பிடித்தால் ஒரு லட்சத்துச் சொச்சத்தில் முடியும். மீதி எண்பதாயிரத்துக்கு மேல் அந்தக் கையேட்டுக்கும் வீடியோ காலுக்கும்தான் போகிறது.

வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள் பணம் கட்டும் முன் நாலு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: சுற்றுலா வரி யார் கட்டுவது, டிசிஎஸ் சான்றிதழ் எப்போது தருவார்கள், முப்பது நாளுக்குப் பிறகு எந்தப் பெயருள்ள விசா, வீட்டு டெபாசிட் யார் பெயரில். கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. லிஃப்டுக்கும் கேட்டுக்கும் தருகிற அட்டைக்கு 200 ரிங்கிட் டெபாசிட் வாங்கினார்கள், இரண்டு வாரத்தில் கணக்கில் போட்டுவிடுவோம் என்று. அட்டையைத் திருப்பிக் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே கீழே ஒரு வரி சேர்த்து, ரேட்டிங்கிலும் கால் மார்க் கூட்டிவிடுகிறேன்.